ஆறாம் நம்பர் பேபி அட்டெண்டர்

தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தை ஐ.சி.யூ.வில் நான் ஸ்டாஃப் நர்ஸ். வார்டு மூன்றாவது மாடியில். பெற்றோர் காத்திருக்கும் ஹால் தரைத்தளத்தில். கூப்பிட ஒரு மைக். "மைக்ல கதை சொல்லக்கூடாது. நம்பரைச் சொல்லு, உடனே வரச் சொல்லு, அவ்ளோதான்" என்று இன்சார்ஜ் சிஸ்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். பஞ்சு வாங்க வேண்டுமா, கையெழுத்து வேண்டுமா, குழந்தை போய்விட்டதா, எல்லாவற்றுக்கும் ஒரே வாக்கியம்: இன்ன நம்பர் பேபி அட்டெண்டர், அதாவது கூட இருப்பவர், உடனே மேலே வரவும். கன்னடத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. நானும் ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி ராகம் போட்டுச் சொல்வேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு காலையில் ஆறாம் நம்பரை மூன்று முறை கூப்பிட்டும் ஆள் வரவில்லை. டிரிப் செட் தீர்ந்திருந்தது, பெற்றோர்தான் கடையில் வாங்கி வரவேண்டும். கோபமாக இறங்கினேன். இரண்டாவது மாடிப் படியில் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார் முருகேசன். ஸ்ரீராம்புரத்துக்காரர், கார்ப்பரேஷன் குப்பை லாரியில் வேலை. ஒரு கிலோ சொச்சம் எடையில் பிறந்த பெண் குழந்தைக்கு அப்பா.

"கூப்புட்டது காதுல விழலையா?"

"விழுந்துச்சு சிஸ்டர். கால் வரல. எதுவா இருந்தாலும் இங்கயே சொல்லிடுங்க."

"டிரிப் செட் வாங்கணும். பாப்பா நேத்து இருந்த மாதிரியே இருக்கு."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டை இறக்கி, "அந்த ஸ்பீக்கர் பொட்டி கரகரன்னாலே ஒம்போது நாளா இப்படித்தான். என் வீட்டுக்காரி காதுல பஞ்சு வெச்சிக்கினு உக்காந்திருக்கா" என்றார்.

அன்று மத்தியானமே முறையை மாற்றினேன். முதலில் விஷயம், பிறகுதான் நம்பர். கெட்ட சேதிக்கு மைக் கிடையாது, நானே இறங்கிப் போய்ச் சொல்வேன். இன்சார்ஜ் முணுமுணுத்தார், ஆனால் தடுக்கவில்லை. பெரிய காரியம் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

நாலைந்து நாள் கழித்து டிபனுக்கு இறங்கினேன். கேன்டீனுக்கு ஹால் வழியாகத்தான் போகவேண்டும். என் வெள்ளை ஷூ படியில் தெரிந்ததுமே பேச்சு நின்றது. முருகேசனின் மனைவி செல்வி, ஆபரேஷன் தையலைக் கையால் பிடித்தபடி எழுந்தாள்.

"யாருக்கு சிஸ்டர்?"

"யாருக்கும் இல்லம்மா. இட்லி சாப்பிடப் போறேன்."

யாரும் சிரிக்கவில்லை. மைக்கில் இருந்த பயம் என் மேல் ஏறிவிட்டிருந்தது.

அதற்குப் பிறகு தினமும் பத்து மணிக்கும் நாலு மணிக்கும் சேதி எதுவும் இல்லாமலே இறங்கினேன். பெஞ்சில் உட்கார்ந்து, சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று கேட்பேன். இரண்டு நாள் தலையாட்டல்தான். மூன்றாம் நாள் செல்வி, "பாப்பாவத் தொடவே பயமா இருக்கு சிஸ்டர். தொட்டுட்டு அப்புறம் இல்லன்னு ஆயிட்டா?" என்றாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை, ஆறாம் நம்பருக்கு ரத்தத்தில் கிருமி. மூச்சு விட்டுவிட்டு வந்தது. "பேரன்ட்ஸைக் கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர். மைக்கைத் தொடாமல் மூன்று மாடி இறங்கினேன். செல்வி என்னைப் பார்த்தாள், எழவில்லை. முருகேசன் பக்கமாக நகர்ந்து, பெஞ்சில் எனக்கு இடம் விட்டாள்.

உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தேன். பிடித்ததிலேயே புரிந்துகொண்டாள்.

"இருக்குதா?"

"இருக்கு. மூச்சுக்குக் கஷ்டப்படுது. வாங்க, போய்த் தொடலாம்."

மூன்று பேரும் ஏறினோம். அன்றுதான் செல்வி முதல்முறையாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டாள்.

குழந்தை பிழைத்தது. ஒன்றரை மாதம் கழித்து வீட்டுக்குப் போனது. ஆனால் அந்தப் படிகளில் ஏறும்போது அது எங்கள் மூவருக்கும் தெரியாது.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சேதி இல்லாத நாளிலும் இறங்கிப் போங்கள். சேதி இருக்கும் நாளில், பக்கத்தில் உட்கார இடம் விடுவார்கள்.