அம்மா தைத்த தொடர்கதை

விடுதி வார்டனுக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் என்று கேள்விப்பட்ட அன்று மெஸ்ஸில் நான் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன். தோழிகள் பாவம் என்று உச்சுக்கொட்டினார்கள். நானும் கூடவே உச்சுக்கொட்டினேன். உள்ளே தீபாவளி.

தொண்ணூறுகளின் நடுவில் மயிலாப்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸிங் படித்தேன். படித்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. பெட்பேன் கழுவினேன், படுக்கை விரித்தேன், திட்டு வாங்கினேன், மிச்ச நேரத்தில் வகுப்பில் உட்கார்ந்தபடி தூங்கினேன். டூட்டி முடிந்து விடுதிக்கு வரும்போது கால் இரண்டும் என் பேச்சைக் கேட்காது. அந்த நேரத்துக்கு உதவியவை இரண்டே இரண்டு. ஹாலில் இருந்த டிவி. என் டிரங்குப் பெட்டியில் இருந்த ஒரு புத்தகம்.

டிவி, ஷட்டர் போட்ட மரப்பெட்டிக்குள் இருக்கும். சாவி வார்டன் இடுப்பில். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவருக்குப் பிடித்த தொடர் வரும்போது திறப்பார். அது முடிந்ததும், அடுத்த நிகழ்ச்சிக்கு வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்கும் எங்கள் முகத்துக்கு நேரே ஷட்டரை இழுப்பார். "போறும். போய்ப் படிங்கோ." எழுத்தில் அவர், இவர் என்கிறேன். அன்று மனதில் அவள்தான், இன்னும் சில சொற்களும் உண்டு.

புத்தகம் அம்மா செய்தது. அம்மா சைதாப்பேட்டை ஆற்றோரத்திலிருந்து தினமும் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போவாள். அந்த வீட்டில் படித்து முடித்த வாரப் பத்திரிகைகளைக் கொடுப்பார்கள். அதில் வந்த ஒரு தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டையை மேலே ஒட்டி, நான் விடுதிக்குக் கிளம்பிய அன்று பெட்டியில் வைத்தாள்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்துத்தான் கிழிப்பாள். நீளப் பின்னல், மூக்குத்தி, ஒரு பக்கமாகச் சாய்ந்த தலை. "அதே பொண்ணுதான் கீது, பாரு" என்பாள். அந்த ஓவியரோ எல்லாக் கதைக்கும் அதே பெண்ணைத்தான் வரைவார். அதனால் பதினெட்டாம் அத்தியாயத்துக்குப் பின்னால் வேறு ஏதோ கதையின் அத்தியாயம் ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது. மாமியார் வீட்டில் அடுப்பு ஊதிக்கொண்டிருந்த கதாநாயகி திடீரென்று வேறு பெயரில் ஊட்டியில் டாக்டராக இருப்பாள். கார் ஓட்டுவாள். திமிராகப் பேசிய ஒருவனைக் கன்னத்தில் அறைவாள். அடுத்த பக்கத்தில் மறுபடியும் அதே அடுப்பு, அதே மாமியார்.

எனக்கு அந்தப் புத்தகத்திலேயே உயிர் அந்த அத்தியாயம்தான். பெரிய டாக்டர் என் கையிலிருந்த ட்ரேயைத் தட்டிவிட்ட நாளில் அந்தக் கன்னத்து அறை விழும் இடத்தை நாலு தடவை படித்துவிட்டுத் தூங்கினேன்.

இரவு டூட்டி பார்த்தவர்கள் பகலில் தூங்கியே ஆக வேண்டும் என்பது விடுதி விதி. உடம்பு அளவுக்கு மீறி அசந்தால் தூக்கம் வராது என்று விதி எழுதியவர்களுக்குத் தெரியாது. அப்படி ஒரு மத்தியானம் படித்துக்கொண்டிருந்தபோது வார்டன் வந்து புத்தகத்தைப் பிடுங்கினார். சீழ் துடைத்த பஞ்சை எடுப்பதுபோல இரண்டே விரலால் பிடித்திருந்தார்.

"இந்தக் குப்பையைப் படிச்சுண்டு கண்ணைக் கெடுத்துக்காதே."

மாதக் கடைசியில் போய்த் திருப்பிக் கேட்டேன்.

"பழைய பேப்பர்காரன் வந்தான். போட்டுட்டேன்."

"அது எங்கம்மா தைச்சது மேடம்."

"அதான் பார்த்தாலே தெரியறதே."

அந்தத் 'தெரியறதே' என் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. லீவுக்கு வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அம்மா கேட்பாள், "புக்கு பத்திரமா கீதா?" "கீதும்மா" என்பேன். ஒவ்வொரு பொய்யும் வார்டன் கணக்கில்தான் சேர்ந்தது. கருவிக்கொண்டே இருந்தேன். எட்டு மாதம்.

அப்புறம்தான் இந்தக் கண் ஆபரேஷன். நான் அப்போது கண் வார்டு டூட்டியில் இருந்தேன். வார்டனுக்கு வலது கண்ணில் கட்டு, இடது கண் ஏற்கெனவே மங்கல். குனியக் கூடாது, இருமக் கூடாது, அழக் கூடாது. பொழுது போகவில்லை, படித்துக் காட்ட ஒரு பெண் வேண்டும் என்று அவரே கேட்டிருக்கிறார். சிஸ்டர் என்னை அனுப்பினார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

அழ வைக்கலாமா என்று யோசித்தேன். மறைக்க மாட்டேன், ஒரு முழு நிமிடம் யோசித்தேன். ஆனால் அந்தக் கண் என் பொறுப்பில் இருந்தது. வேறு வழி பார்த்தேன்.

வாரப் பத்திரிகையின் தொடர்கதையை ஏற்ற இறக்கத்தோடு படிப்பேன். கடைசிப் பத்தி வரும்போது பத்திரிகையை மூடுவேன். "நேரமாச்சு மேடம். தூங்கணும். ரூல்."

"இன்னும் கொஞ்சம்தானேடி இருக்கும்?"

"ரூல் மேடம்."

செவ்வாய்க்கிழமை மருத்துவமனை வரவேற்பறையில் இருந்த டிவி முன்னால் அவரை உட்கார வைத்தேன். வசனம் காதில் விழும், படம் தெரியாது. தொடரின் கடைசிக் காட்சியில் கதவு கிரீச்சிட்டது. "யாருடி வந்தா?" என்று என் கையைப் பிடித்தார். வருவானா என்று மாதக்கணக்கில் வார்டன் காத்திருந்த, கதாநாயகியின் ஓடிப்போன கணவன் வாசலில் தாடியோடு நின்றுகொண்டிருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படியே 'தொடரும்' போட்டுவிட்டார்கள்.

"யாருமில்ல மேடம். காத்து."

அன்று ராத்திரி கட்டை போலத் தூங்கினேன்.

நாலாம் நாள் மத்தியானம் கட்டைப் பிரித்து அவருக்கு மருந்து விட்டுக்கொண்டிருந்தேன். அவர் கூரையைப் பார்த்தபடி மெதுவாகப் பேசினார்.

"உன்னை ஒண்ணு கேக்கணும். அடுப்பு ஊதிண்டிருந்தாளே, அந்தப் பொண்ணு. அவ எப்படித் திடீர்னு ஊட்டில டாக்டர் ஆறா? பேர்கூட மாறிடறது. அடுத்த அத்தியாயத்துல மறுபடியும் மாமியார் ஆத்துல இருக்கா. அது கனவா?"

சொட்டு மருந்து பாட்டில் என் கையில் இருந்தது. இரண்டாவது சொட்டையும் சரியாக விட்டேன், அதில் எனக்கு இன்றும் பெருமை. பேப்பர்காரனும் வரவில்லை, ஒரு மண்ணும் வரவில்லை. எட்டு மாதமாக என் அம்மாவின் புத்தகம் இந்தம்மாவின் அலமாரியில் இருந்திருக்கிறது. நான் அம்மாவிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்த நாளெல்லாம் இவர் காலை நீட்டிப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பதில் எனக்குத் தெரியும். உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

"அதை அந்தப் பழைய பேப்பர்காரனைத்தான் கேக்கணும் மேடம்."

புதுப் பஞ்சை வைத்துக் கட்டுப் போட்டேன். முடிச்சுப் போடும்போது, "மூணு தரம் படிச்சேன். புரியலை" என்றார், சின்னக் குரலில். இரங்கியிருக்கலாம். இரங்கவில்லை.

"நேரமாச்சு மேடம். தூங்குங்க."

அவர் விடுதிக்குத் திரும்பி மூன்று வாரம் கழித்துப் புத்தகம் என் கட்டிலில் கிடந்தது, செய்தித்தாளில் சுற்றி. மன்னிப்பு என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. நேரே அந்த அத்தியாயத்தைப் பிரித்தேன். மேலே அழகான பென்சில் எழுத்தில் 'கனவு' என்று தலைப்பு. டாக்டரின் பெயர் வந்த இடத்திலெல்லாம் அதை அடித்துவிட்டு அடுப்படிப் பெண்ணின் பெயர். கடைசியில், 'திடுக்கிட்டு விழித்தாள்' என்று சொந்தமாக ஒரு வரி. என் அம்மாவின் தப்பைத் திருத்தி, அந்த டாக்டரையும் அடுப்படிக்கே அனுப்பிவிட்டார்.

பக்கத்துக் கட்டில்காரியிடம் ரப்பர் வாங்கினேன். தூங்கியே ஆக வேண்டிய மத்தியானம் அது. ஒவ்வொரு பெயராக, தாள் கிழியாமல் அழித்தேன். பாதியில் வார்டன் ரவுண்ட்ஸ் வந்து வாசலில் நின்றார், கறுப்புக் கண்ணாடியோடு. நான் எழுந்திருக்கவில்லை. 'திடுக்கிட்டு விழித்தாள்' என்பதையும் அழித்து முடித்து, பக்கத்தைத் தூக்கி, ரப்பர்த் தூளை அவர் நின்ற பக்கமாகவே ஊதினேன்.