காத்திருந்து பழகியவர்களின் வரிசை

பன்வில தோட்டத்து டிஸ்பென்சரியில் போன் சிக்னல் கிடையாது. அங்கே பரிசோதனையாக ஒரு ரேடியோ இணைப்புப் போட்டுக் கொடுத்தது நாங்கள்தான். கண்டிக்குப் பக்கத்திலுள்ள பல்கலைக்கழகத்தில் நான் அப்போது ஆராய்ச்சி மாணவி. அந்தத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள் என்பதால் எனக்கு அதில் தனிப் பெருமை.

எங்கள் இணைப்புக்குச் சொந்த அலைவரிசை இல்லை. ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்கு உரிய அலைவரிசை சும்மா கிடக்கும் நேரம் பார்த்து, அந்த இடைவெளியில் எங்கள் தரவை அனுப்ப வேண்டும். சொந்தக்காரன் வந்துவிட்டால் வாயை மூடிக்கொண்டு விலகிவிட வேண்டும். எங்கள் துறையில் இதற்குப் பெயர் இரண்டாம் நிலைப் பாவனையாளர். முதல் தடவை வாசித்தபோது சிரித்தேன். கம்பெனிக்குச் சொந்தமான லயத்தில் பிறந்தவளுக்கு இதையும் படித்துத்தான் தெரிய வேண்டுமா?

இடைவெளி சின்னது. அதில் எது முதலில் போவது என்று வரிசை போடுவதுதான் என் வேலை. புத்தகத்தில் இருந்தபடியே போட்டேன். குரல் முதலில், வீடியோ அடுத்தது, எழுத்துச் செய்தி கடைசி. பேச்சு அறுந்தால் விளங்காது, படம் நின்றால் பிரயோசனமில்லை. எழுத்து கொஞ்சம் பிந்தினால் என்ன, குடியா முழுகிவிடும்?

முழுகியது.

அன்று காலை கொழும்பிலிருந்து அதிகாரிகள் வந்திருந்தார்கள். ஆய்வுகூடத்துப் பெரிய திரையில் பன்வில தேயிலை மலையை அதே இணைப்பு வழியாக நேரடியாகக் காட்டினோம். படம் தெளிவாக ஓடியது. பேட்டிஸ் தின்றுகொண்டே பாராட்டினார்கள். அதே நேரம் டிஸ்பென்சரியில் எங்கள் அண்ணிக்கு, எட்டாம் மாதத்தில், இரத்தம் போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்த நர்ஸ் மிஸ்ஸி அம்பியுலன்ஸ் கேட்டு ஆஸ்பத்திரிக்கு எழுத்துச் செய்தி அனுப்பினார். எங்கள் படம் முடியும்வரை அது வரிசையில் நின்றது, முக்கால் மணித்தியாலம். அண்ணி பிழைத்தார். பிள்ளை பிழைக்கவில்லை.

இணைப்பில் ஏன் குரலில் பேசவில்லை என்று பிறகு மிஸ்ஸியிடம் கேட்டேன்.

"பேசினா சிங்களம் தடுமாறுதும்மா. ஆஸ்பத்திரிக்காரங்க திருப்பித் திருப்பிக் கேப்பாங்க. அதான் சிங்களத்துல எழுதியே வச்சிருக்கேன், பேர மட்டும் போட்டு அனுப்பிருவேன். போயிருச்சுன்னுதானே காட்டுச்சு."

எனக்கு இது தெரியாததா? பொலிஸுக்கோ அரசாங்கக் கச்சேரிக்கோ போவதென்றால் என் அப்பாவும் யாரிடமாவது கடதாசித் துண்டில் சிங்களத்தில் எழுதி வாங்கிக்கொண்டுதான் போவார். எங்கள் ஆட்களின் அவசரம் எழுத்தில்தான் வரும். தெரிந்திருந்தும் எவனோ எழுதிய புத்தகத்தை நம்பினேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அடுத்த வாரம் அறிக்கை தயாரானது. எங்கள் பேராசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர், கெட்டிக்காரர், என்னைப் பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். சேவைத் தரம் திருப்திகரம் என்று எழுதி, என் கையொப்பத்துக்கு நீட்டினார். ஒரு செய்தி முக்கால் மணித்தியாலம் நின்றதைச் சொன்னேன். அது என்ன செய்தி என்று அவர் கேட்கவில்லை.

"ஓம் பிள்ளை, ஒரு மெசேஜ்தானே பிந்தினது. தோட்டத்துச் சனத்துக்குக் காத்திருந்து பழக்கம்தானே."

என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்பதுகூட அந்த மனுசனுக்கு உறைக்கவில்லை.

"அந்த மெசேஜ் எங்க அண்ணியோடது, சேர். பிள்ளை செத்துப்போச்சு. வரிசை போட்டது நான்."

நான் பேனாவை எடுத்து, திருப்திகரம் என்ற சொல்லை வெட்டிவிட்டு, நடந்ததை அப்படியே எழுதிக் கையொப்பம் வைத்தேன். அன்றைக்கே வரிசையையும் மாற்றினேன். டிஸ்பென்சரியிலிருந்து எது வந்தாலும், எழுத்தோ குரலோ, அதுதான் முதலில் போகும். மாற்றுவதற்கு எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

சனிக்கிழமை லயத்துக்குப் போய் அண்ணியிடம் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"இனிமே நம்ம மெசேஜ் மொதல்ல போகுமா?"

"போகும் அண்ணி."

"அப்ப அன்னைக்கும் போயிருக்கலாம்ல" என்றார்.