பெரிய மாமா தவறிய வியாழக்கிழமை

தமிழில் எழுதிக் காலம் தள்ளுகிறவள் இதை வெளியில் சொல்லக் கூடாதுதான். வாழ்க்கையில் முதன்முதலாக நான் நல்ல தமிழில் ஒரு செய்தி சொன்னபோது எங்கள் பெரிய மாமா செத்துப்போனார். முக்கால் மணி நேரம் செத்தே இருந்தார். அதற்குள் அருப்புக்கோட்டையின் முக்கியஸ்தர்கள் இருபத்துச் சொச்சம் பேர் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தி, மதுரைக்குப் போன் போட்டு, அவருடைய கண்களைக் கேட்டு வீட்டு வாசலுக்கே போய்விட்டார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. வயதைச் சொல்வது தப்பித்துக்கொள்ளத்தான்.

எண்பதுகளின் கடைசி. ஊரில் ஒரு சேவைச் சங்கம் இருந்தது. எல்லோரும் கிளப்பு என்பார்கள். சீட்டாடுகிற இடமென்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று அப்பா மட்டும் சங்கம் என்பார். அப்பா செயலாளர். அம்மாவின் அண்ணனான பெரிய மாமா தலைவர். வியாழன்தோறும் மாலை ஆறரைக்கு எங்கள் இரும்புக்கடை மாடியில் கூட்டம். மாமா பித்தளை மணியை அடிப்பார். கொடிவணக்கம், போன வாரத்து நடவடிக்கை வாசிப்பு, விருந்தினர் உரை, கேசரி, வெங்காய பஜ்ஜி, மறுபடி மணி. நாட்டில் ஆட்சி மாறினாலும் இந்த வரிசை மாறாது. தாமதமாக வருகிறவர் மேடையேறி ஒரு பாட்டுப் பாட வேண்டும். தண்டனை பாடுகிறவருக்கா, கேட்கிறவர்களுக்கா என்பது கடைசிவரை தீர்மானமாகவில்லை.

சங்கத்துக்கு ஒரே ஒரு குறை. கண்தானம். மாமா முதல் கையெழுத்துப் போட, அவர் பின்னால் ஊரில் நாற்பது பேர் போட்டார்கள். மூன்று வருடமாகியும் நாற்பத்தோரு பேரும் கல்லுக்குண்டாட்டம் நடமாடினார்கள். பக்கத்து ஊர்ச் சங்கத்தில் ஏற்கெனவே இரண்டு ஜோடி கொடுத்தாயிற்று. மேலிடத்துக்கு அனுப்பும் மாத அறிக்கையில் அந்தக் கட்டத்துக்கு நேராக 'இல்லை' என்று எழுதும்போது அப்பாவின் முகம் வாடிப்போகும்.

அந்த வியாழக்கிழமை, கண் சிகிச்சை முகாமுக்கு இடம் பார்க்க மாமா வீரசோழன் கிராமத்துக்குப் போயிருந்தார். அவர் வரட்டும் என்று காத்திருந்துவிட்டு, துணைத்தலைவரான ஜவுளிக்கடைக்காரர் கூட்டத்தைத் தொடங்கினார். நான் கீழே கடையில் போனுக்குப் பக்கத்தில் இருந்தேன். முந்தின வாரம்தான் சங்கம் நடத்திய பேச்சுப் போட்டியில் எனக்கு முதல் பரிசு. பிறமொழிச் சொல் ஒன்றுகூடக் கலக்காமல் பேசினாள் என்று பள்ளிக்கூடத்துத் தமிழம்மா எல்லோர் முன்னாலும் பாராட்டியிருந்தார். அதிலிருந்து நான் பழைய ஆள் இல்லை. காபிக்குத் தமிழ் தெரியாமல் இரண்டு நாள் காபியே குடிக்கவில்லை.

போன் அடித்தது. வீரசோழனிலிருந்து ஒரு மளிகைக்கடைக்காரர்.

"கிளப்பு பிரசிடெண்டு இங்கன பஸ் ஸ்டாண்டுல பஸ்ஸ மிஸ் பண்ணிட்டாக பாப்பா. அடுத்த பஸ்ஸுல வாராகளாம். அங்கன சொல்லிரு."

மாடிப்படி ஏறும்போதே மொழிபெயர்த்து முடித்துவிட்டேன். பிரசிடெண்டு என்றால் தலைவர். மிஸ் பண்ணுவது என்றால் தவறுவது. பஸ்ஸுக்குப் பேருந்து. ஆனால் அடுத்தடுத்து ஒரே சொல் வந்தால் நடை கெட்டுவிடும் என்று தமிழம்மா சொல்லிக்கொடுத்திருந்தார். ஆகவே முதல் பேருந்தை எடுத்துவிட்டேன்.

வாசலில் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அறிவித்தேன்.

"தலைவர் அவர்கள் வீரசோழனில் தவறிவிட்டார்கள். அடுத்த பேருந்தில் வருகிறார்கள்."

பஜ்ஜி வாய்க்குப் போகிற வழியில் நின்றது. அப்பா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.

"யாரு சொன்னா?"

"தொலைபேசியில் சொன்னார்கள்."

"எங்கன வச்சு?"

"பேருந்து நிலையத்தில்."

"காலைல எங்கடையிலதான தலைவலி மாத்திர வாங்கிட்டுப் போனாக," என்றார் மருந்துக்கடைக்காரர். சொல்லிவிட்டு, கொடுத்த மாத்திரையை நினைத்தோ என்னவோ, அவருக்கே வேர்த்தது.

"பஸ்ஸுல எப்படிய்யா ஏத்துவான்? கண்டக்டர் சம்மதிக்கணுமே," என்றது பின்வரிசை.

"பின் சீட்டுல படுக்கப் போட்டுக் கொண்டாருவானா இருக்கும்."

துணைத்தலைவர் மணியை அடித்தார். எல்லோரும் எழுந்து தலைகுனிந்து நின்றார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு பஸ்ஸை விட்டதற்கா இத்தனை பேரும் எழுந்து நிற்கிறார்கள்? தாமதத்துக்குப் பாட்டுத்தானே வழக்கம்? தலைவரே தாமதமானால் சங்கமே நிற்க வேண்டும் என்று விதி இருக்கும் போலிருக்கிறது என்று நானும் நின்றேன். எங்கள் ஒழுங்கை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது. அப்பா துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டதைப் பார்த்தபோதுதான் அந்தப் பெருமை லேசாக ஆட்டம் கண்டது.

ஒரு நிமிட அஞ்சலி முடிந்ததும் மருந்துக்கடைக்காரர் மெல்ல, "கண்ணு," என்றார். "ஆறு மணி நேரந்தான் டயம். வீட்டுல கையெழுத்து வாங்கணும்."

குனிந்த தலைகள் கொஞ்சம் நிமிர்ந்தன. யாரும் சந்தோஷப்பட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். துக்கத்துக்கு ஒரு வேலை கிடைத்தது. ஒருவர் மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு வேனுக்குச் சொன்னார். சாவுச் செய்தியைப் போனில் சொல்லக் கூடாதென்று மற்றவர்கள் மாமா வீட்டுக்கு நடந்தார்கள். அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கண் என்று காதில் விழுந்ததால் எல்லாம் முகாம் வேலை என்றே நினைத்தேன்.

மாமி முன்கட்டில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டையும் பேட்ஜுமாக இருபது பேர் வந்து நின்று, ஒருவரையொருவர் முன்னால் தள்ளினார்கள். கடைசியில் துணைத்தலைவர் கும்பிட்டார்.

"தங்கச்சி, தலைவரோட கண்ணு..."

"கண்ணுக்கு என்ன?"

"ரெண்டு பேருக்கு வெளிச்சம் குடுக்கும்மா."

மாமி அப்பாவைப் பார்த்தாள். அப்பா நிமிரவில்லை. முறம் கவிழ்ந்து உளுந்து சிதறியது. மாமி சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. கயிறறுந்த வாளி கிணற்றில் விழுவதுபோல அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பிறகு அவள் கை தானாகத் தலைக்குப் போய், கொண்டையில் இருந்த பூவைப் பிடித்து இழுத்தது.

பூவை எதற்கு எடுப்பார்கள் என்று ஒன்பது வயதுக்குத் தெரியும். கற்ற தமிழெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"மாமி, மாமா சாகல. பஸ்ஸத்தான் மிஸ் பண்ணிட்டாக. அடுத்த பஸ்ஸுல வாராக."

அப்போது விழுந்த அமைதி மாடியில் அனுசரித்ததைவிட நீளம்.

"தவறிட்டாகன்னுல்ல சொன்ன?" அப்பாவின் குரல் உடைந்திருந்தது.

"ஆமா. பஸ்ஸத் தவறிட்டாக."

அப்பா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். உடனே என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

எட்டு மணி வாக்கில் மாமா வந்து சேர்ந்தார். வாசல் நிறையச் செருப்பு. உள்ளே எட்டிப் பார்த்து, "ஏன்யா, கூட்டத்த இங்கன மாத்திட்டீகளா?" என்றார். விஷயம் தெரிந்ததும் இருமல் வருகிற வரை சிரித்தார். தனக்காக யார் யார் அழுதார்கள் என்று விசாரித்தார். வேனைத் தடுக்க மருந்துக்கடைக்காரர் ஓடினார். அவர் முகத்தில் இருந்ததை ஏமாற்றம் என்றால் பாவம் வந்து சேரும். மாமி யாரையும் பார்க்காமல் உளுந்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மன்னிப்புக் கேட்க அம்மா என்னை அழைத்துப் போனாள். கேட்டேன், இந்த முறை வீட்டுத் தமிழில். மாமி ஒரு முறுக்கைக் கொடுத்தாள்.

"அண்ணனுக்கு ஆயுசு கெட்டி மதினி," என்று அம்மா சிரித்துக்கொண்டே தேற்றினாள். "எல்லாம் அந்தப் பாழாப்போன போனால வந்தது."

அதற்கு மாமி சொன்ன பதிலில் கடினமான சொல் ஒன்றும் இல்லை. அதைக் கேட்டு அம்மா ஏன் சிரிப்பை நிறுத்தினாள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

"இருவது வருசத்துல எத்தன பஸ்ஸ விட்டிருப்பாக. லேட்டா வாரேன்னு ஒரு நாளு இந்த வீட்டுக்குப் போன் வந்திருக்காத்தா?"