ஒரே கயிற்றில் இரண்டு சாவி

இன்று காலை நோணாங்குப்பத்தில் படகில் ஏறக் குனிந்தபோது, சட்டைப்பையிலிருந்த கார் சாவி தண்ணீருக்குள் போய்விட்டது. மாற்றுச்சாவியும் கூடவே போயிற்று. வண்டி வாங்கிய அன்று இரண்டையும் மஞ்சள் கயிற்றில் சேர்த்துக் கட்டிப் பூஜை போட்டவர் அம்மா. பிரிக்கக் கூடாது என்பது உத்தரவு.

அக்காவுக்கு இந்த வாரம் பிரசவ நாள். வீட்டில் வேறு வண்டி இல்லை.

சர்வீஸ் சென்டரில் கேட்டேன்.

"ஒரு சாவி இருந்தாக்கூட மூவாயிரத்துல முடிஞ்சிடும் சார். ரெண்டும் போச்சுன்னா என்ஜின் கம்ப்யூட்டரையே மாத்தணும். இருபத்தஞ்சாயிரம். பத்து நாள் ஆவும்."

"சாவிக்குள்ள இருக்குற சிப்பு இருநூறு ரூபா தாண்டாது. நான் எலக்ட்ரானிக்ஸ் படிச்சவன்."

"அப்ப நீங்களே செஞ்சுக்குங்க சார்."

என்னால் முடியாது. அது அவருக்கும் தெரிந்திருந்தது. பணத்தைக் கட்டினேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அக்கா வயிற்றில் கை வைத்தபடி என்னை முறைத்தாள். அம்மா மட்டும் பதறவில்லை.

"புதுசு வந்ததும் ரெண்டையும் எங்கிட்ட குடுடா. இந்த வாட்டி முடிச்சு நல்லா இறுக்கிப் போட்டுத் தரேன்."

தெருமுனை ஆட்டோக்காரரிடம் எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வரச் சொல்லி வைத்திருக்கிறேன். சாவிகளைப் பிரிப்பது பற்றி அம்மாவிடம் பேசத் துணிந்தவர்கள் இந்தப் பதிவின் பின்னூட்டத்தில் பெயர் கொடுக்கலாம்.