கீறல் இல்லாத தம்பி

காணாமல் போனவர்களில் கெட்ட பிள்ளை ஒருவரையேனும் நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. பொய், கள்ளம், வாய்க்கொழுப்பு எல்லாம் வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்குத்தான். காணாமல் போனவர் என்றால் வகுப்பில் முதலாம் பிள்ளை, பெரியவர்களை எதிர்த்து ஒரு சொல் சொல்லாதவர், எறும்பைக்கூட மிதிக்காதவர். இந்த விதியை எனக்குப் பாடமாக்கித் தந்தவர் கிளமென்ற் அண்ணை.

சுவிஸில், லா ஷோ-து-ஃபோனில் ஒரு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் நாங்கள் ஒன்றாக வேலை செய்கிறோம். அவர் கொன்ட்ரோல் பகுதியில் இருக்கிறார். கண்ணில் லூப் என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு, மணிக்கூட்டு முகப்பில் கீறல் உண்டா, தூசி உண்டா என்று பார்ப்பதுதான் வேலை. எங்கள் கண்ணுக்குப் பளிங்கு போலத் தெரியும் முகப்பை அவர் ஒரு தரம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கித் திருப்பி அனுப்பிவிடுவார். பகுதிக்குப் பொறுப்பான செஃப் எவ்வளவு கெஞ்சினாலும் மசிய மாட்டார். அந்தக் கண்ணுக்கு முப்பது வருடமாகச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

அந்தக் கண் ஒரே ஒரு ஆளிடம் மட்டும் தோற்றுப்போகும். அது அவருடைய தம்பி மைக்கல்.

அண்ணை மன்னாரிலிருந்து அகதியாக இங்கே வந்தபோது மைக்கலுக்குப் பதின்மூன்று வயது. பிறகு அவன் இயக்கத்துக்குப் போனான். இரண்டாயிரத்து ஒன்பதில் போர் முடிந்தபோது அவன் எங்கே என்று சொல்ல ஒருவரும் இல்லை. தாய் முகாம் முகாமாகத் தேடி, அந்தத் தேடலிலேயே கண்ணை மூடிவிட்டார். அதன் பிறகு தேடுகிற பொறுப்பு முழுவதும் அண்ணையின் தலையில். "உயிரோட இருக்கிறானோ இல்லையோ, ரெண்டில ஒண்டு தெரிஞ்சாக் காணும், தங்கச்சி" என்பார் என்னிடம். சொல்லிவிட்டு, ஒவ்வொரு குளிர்காலமும் மலிவு விற்பனையில் தம்பிக்கென்று ஒரு ஜக்கெற் வாங்குவார். போன வருடத்து ஜக்கெற் கோயிலில் உடுப்புச் சேர்க்கிறவர்களுக்குப் போகும். இரண்டில் எது தெரிய வேண்டும் என்று அவரைக் கேட்கத் தேவையில்லை, ஜக்கெற்றைப் பார்த்தாலே போதும்.

தேடலுக்கு அவரிடம் இருந்தது ஒரே ஒரு படம். வீட்டிலிருந்த மற்றப் படங்கள் எல்லாம் இடப்பெயர்வுகளில் போய்விட்டன. வரும்போது சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தது மட்டும் மிச்சம். மைக்கல் கோயிலில் முதல் நன்மை வாங்கிய நாளில் எடுத்த படம். ஒன்பது வயது, வெள்ளைச் சட்டை, கழுத்தில் வில் நாடா, கையில் மெழுகுதிரி, தலை நிறைய எண்ணெய். இருபத்தொன்பது வயதில் காணாமல் போன போராளியைத் தேட இந்தப் படத்தை அவர் ஐரோப்பா முழுவதும் சுற்றவிட்டார். பார்த்தவர்கள் எல்லாரும் "நல்ல வடிவான பிள்ளை" என்று பதில் அனுப்பினார்கள். மகள் நதாலி தகப்பனில் இரங்கி, தன் கைபேசியில் படத்துக்கு வயதைக் கூட்டிக் கொடுத்தாள். அதில் மைக்கல் கொழுத்த கன்னமும் மஞ்சள் நிறமுமாக ஒரு வங்கி மனேஜர் மாதிரி வந்து நின்றான். அண்ணை அதையும் அனுப்பினார்.

பூசை தவறாத மனுசன், மனைவி செசீலியா அக்காவுக்குத் தெரியாமல் ஒருமுறை ஓர்லிகோனுக்குப் போய், ஊரிலிருந்து வந்திருந்த சாத்திரியாரிடமும் கேட்டார். ஆள் உயிரோடு, தண்ணீருக்குப் பக்கத்தில் இருப்பதாகச் சாத்திரியார் சொன்னார். இலங்கை ஒரு தீவு என்பதை நான் அண்ணைக்கு ஞாபகப்படுத்தினேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

இரவீந்திரன் எங்கள் தொழிற்சாலைக்கு வந்து பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். வேலை பொலிசாஜில், மணிக்கூட்டுக் கூடுகளை மெருகேற்றும் பகுதியில். முன்பு இயக்கத்தில் இருந்தவர், இடது கால் சற்று இழுக்கும். வந்த முதல் நாளே சாப்பாட்டு மேசையில் அண்ணை முதல் நன்மைப் படத்தை எடுத்து நீட்டினார்.

"வீட்டுப் பேரை வச்சுக் கண்டுபிடிக்கேலாது அண்ணை. இயக்கப் பேர் என்ன?"

"அதுதானே தம்பி தெரியாது."

இது எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த முட்டுச்சந்து. வீட்டுக்கு ஒரு பெயர், இயக்கத்துக்கு ஒரு பெயர். வீட்டில் இயக்கப் பெயர் தெரியாது, இயக்கத்தில் வீட்டுப் பெயரைச் சொல்லக் கூடாது.

"சரி, ஆள் எப்பிடி?" என்று கேட்டார் இரவீந்திரன்.

"நல்ல உயரமா வந்திருப்பான், எங்கட அப்பாவைப் போல. அமைதியான பிள்ளை. வாயே திறக்கமாட்டான். பூசைக்கு உதவி செய்யிறவன். மற்றவேன்ர ஒரு பென்சிலைத் தொடமாட்டான்."

இரவீந்திரன் நேர்மையாக யோசித்துப் பார்த்தார். "அப்பிடி ஒரு ஆளை நான் சந்திக்கேல்லை அண்ணை" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு நிகழ்ச்சிகள். முதலில் அண்ணை வழங்கும் புனித மைக்கலின் சரித்திரம். அடுத்து இரவீந்திரன் வழங்கும் அகிலவனின் திருவிளையாடல்கள். அகிலவன் இரவீந்திரனோடு ஒரே அணியில் இருந்தவன். கட்டையன், கறுவல், வாய் ஓயாதவன், சரியான கள்ளன். சமையற்கூடத்தில் தகரத்தில் அடைத்த ரின்பாலைக் களவெடுப்பதில் அவனை வெல்ல ஆள் இல்லை. களவெடுத்துவிட்டு, ரின்னைக் காணவில்லை என்று முதலில் சத்தம் போடுவதும் அவன்தான். பொறுப்பாளருக்கு முன்னால் நின்று, எல்லாரையும் கூட்டிக்கொண்டு பற்றைக்குள் தேடுவதும் அவன்தான். அண்ணை சோற்றை வாயில் வைத்தபடி புரையேறச் சிரிப்பார். "உவனைப் பெத்த தாய் பாவம்" என்பார்.

அகிலவன் எந்த ஊர் என்று கேட்டால் ஒருவருக்கு மட்டக்களப்பு என்பானாம், இன்னொருவருக்கு வவுனியா என்பானாம். தனக்கு ஒருவரும் இல்லை என்று மட்டும் எல்லாருக்கும் சொன்னான். அவனுடைய முடிவையும் இரவீந்திரன் சொன்னார், ஒரு தரமல்ல, பல தரம். கடைசி மாதம், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். அடுத்த பங்கருக்குள் ஒரு குழந்தை பாலுக்கு அழுதுகொண்டு இருந்தது. எங்கேயோ ஒரு ரின் கிடக்கிறது என்று போனான். ரின்னோடு திரும்பி வரும்போது ஷெல் விழுந்தது. ஒரு பனையடியில் இரவீந்திரன் கையால் மண்ணைத் தோண்டி, தன் சாரத்தால் மூடிப் புதைத்தார். ரின்னைக் குழந்தையின் தாயிடம் கொடுத்தார்.

அந்தக் கதையை முதல் தரம் கேட்ட அன்று அண்ணை சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்துவிட்டார்.

"ஒரு செபம்கூடச் சொல்லேல்லையோ?"

"எனக்கு என்ன செபம் தெரியும் அண்ணை? அவனுக்கு ஆரும் இல்லை எண்டு சொன்னவன். ஆர் செய்யிறது?"

அண்ணைக்கு மனம் கேட்கவில்லை. நவம்பரில் இறந்த ஆன்மாக்களின் பூசைக்குப் பெயர் கொடுக்கும்போது, தாய் தகப்பனோடு அகிலவனின் பெயரையும் கொடுத்தார். வேதக்காரனோ சைவக்காரனோ என்றுகூடத் தெரியாதே என்று நான் கேட்டேன். ஆண்டவர் அத்தாட்சிப் பத்திரம் கேட்கமாட்டார் என்றார். மைக்கலின் பெயரை அந்தப் பூசைக்கு அவர் ஒருபோதும் கொடுத்ததில்லை. அவன் பெயர் மாதாமாதம் நடக்கும் தமிழ்ப் பூசையில், உயிரோடு இருப்பவர்களுக்கான மன்றாட்டில் வரும். செசீலியா அக்கா ஒருமுறை மெல்ல, "இனி அங்கால குடுப்பமே?" என்று கேட்டுவிட்டு, அதன் பிறகு கேட்கவே இல்லை.

இப்படி வருடங்கள் போயின. போன ஒக்ரோபரில் அண்ணையின் வெலோ, அதாவது சைக்கிள், களவு போனது.

சாதாரண வெலோ அல்ல, மின்சாரத்தில் ஓடுவது. எங்கள் ஊரின் ஏற்றங்களில் ஏறி ஏறி மூட்டுத் தேய்ந்த மனுசன், ஆசையாக வாங்கியது. றெயில் நிலையத்தில் பூட்டி வைத்தது மாலையில் இல்லை. நான் காரில் அவரையும் இரவீந்திரனையும் ஏற்றிக்கொண்டு பொலிஸுக்குப் போனேன். பொலிஸ்காரர் மரியாதையாக அடையாளம் கேட்டார். அண்ணை கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினார். வலப்பக்க மிதியில் ஒரு வெடிப்பு. பின் மட்காட்டில் தான் சுவரில் இடித்த நெளிவு. இருக்கைக்குக் கீழே பசை ஒட்டிய கிழிசல். சட்டத்தில் நகத்தளவு நீளத்தில் ஒரு கீறல், அதற்கு மேல் சற்று வேறு நிறத்தில் மைப்பூச்சு. வெலோவின் ஒரு குறையையும் அவர் மறைக்கவில்லை. இப்படி ஒரு விபரிப்பைத் தான் கேட்டதே இல்லை என்று பொலிஸ்காரர் பாராட்டினார்.

அங்கிருந்து றெயில் நிலையத்துக்குப் போய் நாங்களே தேடினோம். இரவீந்திரன்தான் ஆக மும்முரம். இழுக்கும் காலோடு வெலோக்கள் நிறுத்தும் ஒவ்வொரு தட்டியையும் குனிந்து பார்த்தார், குப்பைத் தொட்டிக்குப் பின்னாலும் பார்த்தார். அண்ணை களைத்துப்போய் ஒரு சீமெந்துத் திட்டில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து ஒரு மாதிரியாகச் சிரித்தார்.

"காணும் விடு, இரவீந்திரன். நீ தேடுறதைப் பாத்தா எனக்கு உன்னிலதான் சந்தேகம் வருது. என்ர தம்பியும் இப்பிடித்தான்."

"ஆர், மைக்கலோ?"

"ஓம். என்ர லுமாலா சைக்கிளை முருங்கனில ஆருக்கோ வித்துப்போட்டு, தோல் பந்து வாங்கினவன். பேந்து என்னோட சேந்து மூண்டு நாள் தேடினவன். அழுது அழுது தேடினவன்."

நான் குறுக்கிட்டேன். "பென்சிலைத் தொடமாட்டான் எண்டியள், அண்ணை?"

"கள்ளன் எண்டு சொன்னா ஆர் தங்கச்சி தேடித் தருவினம்?" என்றார் சாதாரணமாக. "நல்ல பிள்ளை எண்டாத்தானே சனம் இரங்கும். சொல்லிச் சொல்லி எனக்கும் அது மறந்துபோச்சுது." பிறகு, வெலோ போன துக்கத்திலோ என்னவோ, நிறுத்தாமல் சொன்னார். "மூண்டாம் நாள்தான் பிடிபட்டவன். றோட்டோரத்தில, துலைஞ்சதைக் காட்டித் தாற அந்தோனியாரின்ர சுரூபம் இருக்கு. அதில முழந்தாளில நிண்டு மண்டாடுறான். நான் பின்னால நிக்கிறது தெரியாது. தானே கட்டின செபம். அந்தோனியாரே, பொருளைக் காட்டும்…"

"…ஆளைக் காட்டாதேயும்" என்றார் இரவீந்திரன்.

அவர் இன்னும் ஒரு தட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே நின்றார். அண்ணை அவரைப் பார்த்தார். நான் இருவரையும் பார்த்தேன்.

"இதை நீ எப்பிடி…"

"ரின் காணாமல் போனா அகிலவன் முழந்தாளில நிண்டு சொல்லுறது, அண்ணை. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பம்." இரவீந்திரன் தட்டியை விட்டு நிமிர்ந்தார். "நீங்கள் பக்தியான ஆள். புனிதரைப் பகிடி பண்ணினதைச் சொன்னா உங்களுக்கு நோகும் எண்டு அதை மட்டும் விட்டுட்டுச் சொன்னனான்."

ஒருவர் அன்பால் களவை மறைத்தார். மற்றவர் மரியாதையால் அந்தோனியாரை மறைத்தார். இந்த இரண்டு நல்ல மனுசருக்கும் நடுவில் மைக்கல் பத்து வருடம் எங்கள் மேசையிலேயே காணாமல் போயிருந்தான். எனக்கு அந்த நேரம் இருவரிலும் கோபம் கோபமாக வந்தது. அழுகையும் வந்தது.

அண்ணை எதையும் கேட்கவில்லை. எங்கே, எப்போது, எப்படி என்று கேட்பதற்கு என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் அவர் முன்பே கேட்டிருந்தார், சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு. ஒன்றை மட்டும் கேட்டார்.

"ஆள் உயரமில்லையோ?"

"இல்லை அண்ணை. என்ர தோளுக்குத்தான் வருவான்."

"அப்ப இவ்வளவு காலமும் ஜக்கெற் பெரிசாத்தான் வாங்கியிருக்கிறன்" என்றார். அதன் பிறகுதான் அழுதார். இரவீந்திரன் பக்கத்தில் போய் இருந்தார்.

சற்றுப் பொறுத்து, "தனக்கு ஆரும் இல்லை எண்டவனோ?" என்று கேட்டார் அண்ணை.

"ஓம் அண்ணை."

"அதுவும் பொய்" என்றார். அந்தச் சொல்லில் எனக்குத் தெரிந்து முதல் தடவையாகத் தம்பியைப் பற்றிய பெருமை உண்மையாக இருந்தது.

பத்து நாளில் பொலிஸிலிருந்து அழைத்தார்கள். வெலோ ஊருக்கு வெளியே காட்டோரம் கிடந்ததாம், சொன்ன கீறல் சொன்ன இடத்தில் இருந்ததாம். எடுத்த ஆள் மட்டும் அகப்படவில்லை. அந்தோனியார் கேட்டதைக் கேட்டபடியே கொடுக்கிறவர் என்று நான் சொன்னேன். அண்ணை சிரித்தார்.

நவம்பர்ப் பூசைக்கு நானும் போனேன். இரவீந்திரன் முதல் தடவையாக வந்து, எப்போது எழும்புவது, எப்போது முழந்தாளிடுவது என்று தெரியாமல் செசீலியா அக்காவைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். உயிரோடு இருப்பவர்களின் மன்றாட்டுக்கு அண்ணை அன்று பெயர் ஒன்றும் கொடுக்கவில்லை. பூசைக்கு முன்னால் ஃபாதர் இறந்தவர்களின் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டு வந்தார். அண்ணையின் தாய், தகப்பன், அகிலவன் என்று வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இந்த வருசம் புதுசா ஆரும் இருக்கினமோ, கிளமென்ற்?"

"இல்லை ஃபாதர்" என்றார் அண்ணை. "எல்லாரும் பழைய ஆக்கள்தான்."