அணைத்த பிறகும் ஏறிய முள்

இது கதை இல்லை. என் கடையில், என் கண் முன்னால் நடந்தது. காதில் பூ சுற்றுகிறேன் என்று நினைப்பவர்கள் இத்தோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பேய் என்றால் நடுநிசி, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இது நடந்தது பட்டப்பகலில், பதினொன்றரைக்கு மேல். வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

நான் பழைய மின்னணுச் சாதனங்களைப் பழுது பார்ப்பவன். முன் அறையில் என் மனைவி வருகிறவர்களைக் கவனிப்பாள். பின் அறையில் என் மேஜை. ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் ஒருவர் ஒரு பவர் சப்ளையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். பட்டறையில் வேண்டிய அளவு மின்சாரம் கொடுக்கும் ஐம்பது வருஷப் பழைய இரும்புப் பெட்டி. முகப்பில் இரண்டு முள் மீட்டர்கள், வோல்டேஜை நானூறு வரை ஏற்ற ஒரு திருகு. மேஜையில் வைத்ததும் அவர் இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

“என்ன கோளாறு?”

“முள் ஆடுது. ஆனா அதுக்காகக் கொண்டு வரல.” பெட்டியைப் பார்க்காமலே சொன்னார். “இதுலதான் எங்க அண்ணன் ஷாக் அடிச்சுப் போயிட்டாரு. அஞ்சு மாசம் ஆச்சு.”

அண்ணனும் தம்பியும் ஒரே பட்டறையில் வேலை செய்தவர்கள். அன்று காலை தம்பி இந்தப் பெட்டியைத் திறந்து வைத்து முள் ஏன் ஆடுகிறது என்று பார்த்திருக்கிறார். பிறகு சுவிட்சை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். திரும்பி வருவதற்குள் அண்ணன் உள்ளே கை வைத்திருக்கிறார். ஓடி வந்தவர்கள் பதற்றத்தில் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்கள். சுவிட்ச் எப்படி இருந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

“அணைச்சேன்னுதான் நினைக்கிறேன். ஆனா எல்லாரும் நான்தான் கொன்னுட்டேங்கறாங்க. அண்ணி என் முகத்துல முழிக்கறதில்ல. இப்போ எனக்கே சந்தேகம் வந்துருச்சு சார். அணைச்ச பெட்டி ஆளை அடிக்குமா? அதை மட்டும் சொல்லுங்க. இல்லன்னா என்னால இருக்க முடியாது. நாளைக்குப் பதினொன்னரைக்கு மேல நானே போன் பண்றேன்.”

மறுநாள் காலை 11.05. மூடியைக் கழற்றினேன்.

இந்தப் பெட்டிகளுக்குள் கெப்பாசிட்டர் என்று ஒரு பெரிய டப்பா இருக்கும். மின்சாரத்தைத் தேக்கி வைப்பது அதன் வேலை. சுவிட்சை அணைத்தாலும் தேங்கியது அப்படியே நிற்கும். அதை வடித்துவிடக் குறுக்கே ஒரு ரெசிஸ்டர் போட்டிருப்பார்கள். அது அறுந்துவிட்டால், அணைத்த பெட்டியும் ஆளை அடிக்கும். இரண்டு கையும் பட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் பாயும். அதனால் எங்கள் தொழிலில் ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டுதான் உள்ளே கை விடுவோம். என் இடது கை எப்போதும் பாக்கெட்டில். போனும் அங்கேதான்.

சுவிட்ச் நன்றாக வேலை செய்தது. முள் ஆடியது வெறும் தூசியால்; திருகைச் சுத்தம் செய்ததும் நின்றுவிட்டது.

11.28. ரெசிஸ்டரைப் பார்த்தேன். அதன் ஒரு கம்பிக் கால் அறுந்து தனியாக நின்றது. கருகவில்லை, துருப்பிடிக்கவில்லை. கட்டரால் நறுக்கியது போல நேராக இருந்தது.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. அந்த மனிதர் மேல் ஒரு தப்பும் இல்லை! அப்போதே கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். எத்தனை நிமிஷம் மின்சாரம் தேங்கி நிற்கிறது என்று அளந்து, புள்ளிவிவரத்தோடு சொல்லி அசத்தலாம் என்று நினைத்தேன்.

நானூறு வோல்ட் ஏற்றினேன். சுவிட்சை அணைத்தேன். பிளக்கையும் பிடுங்கிக் கீழே போட்டேன். பத்து நிமிஷம் காத்திருந்தேன். முகப்பு முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. உள்ளே டப்பாவில் என் மீட்டரை வைத்தால்... முந்நூற்றுப் பத்து.

11.41. ஒரு குண்டு பல்பை டப்பாவின் இரு முனைகளிலும் மாட்டினேன். பளிச்சென்று மின்னி அணைந்தது. தேங்கியதெல்லாம் வடிந்துவிட்டது. என் மீட்டரும் பூஜ்யம் காட்டியது.

பல்பு மறுபடி எரிந்தது.

முதலில் மங்கலாக... பிறகு கண் கூசும்படி. பிளக் என் காலடியில் கிடந்தது. முகப்பு முள் எழுந்தது. ஐம்பது... நூற்றெண்பது... நானூறு.

பெட்டி ‘ம்ம்ம்ம்’ என்று முனகத் தொடங்கியது.

11.43. பாக்கெட்டில் போன் அடித்தது.

இடது கையை எடுக்கப் பார்த்தேன். வரவில்லை.

உள்ளே யாரோ என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்கள்.

சில்லென்ற விரல்கள். வலது கையால் துணிக்கு மேலே தடவினேன். போன் தட்டுப்பட்டது. அதற்குப் பக்கத்தில்... என்னுடையது அல்லாத விரல் முட்டிகள்.

“என்னங்க, போன் அடிக்குது!” முன் அறையிலிருந்து மனைவி.

எனக்குக் குரல் வரவில்லை.

11.46. மறுபடி அடித்தது.

வலது கையைப் பாக்கெட்டில் நுழைக்கப் பார்த்தேன்; இடமே விடாமல் பிடி இறுகியது.

“காதுல என்ன பஞ்சா வெச்சிருக்கீங்க? எடுங்களேன்!”

11.49. மூன்றாவது தடவை.

அடித்தது... அடித்தது...

நின்றது.

முனகல் அடங்கியது. பல்பு அணைந்தது. பிடி விட்டது.

மனைவி திட்டிக்கொண்டே உள்ளே வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். “என்னங்க, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க? கை ஏன் இப்படி நீலமா இருக்கு?”

மூன்று அழைப்பும் அந்தத் தம்பியிடமிருந்து வந்தவை. 11.53க்குத் திருப்பிக் கூப்பிட்டேன். மணி போனது, எடுக்கவில்லை. இரவு வரை பதினோரு தடவை கூப்பிட்டேன்.

அன்று நான் ஒன்றை நம்பினேன். பிளக் இல்லாத பெட்டியில் நானூறு வோல்ட் ஏறியபோது இரண்டு கையும் பட்டிருந்தால் நான் காலி. இறந்துபோன அண்ணன்தான் என் கையைப் பிடித்துக் காப்பாற்றியிருக்கிறார்! அந்தப் பெட்டியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடவும் செய்தேன்.

மறுநாள் காலை 9.20க்கு ஒரு பெண் போனை எடுத்தார். அந்த அண்ணி.

“அவரு இல்லீங்க. நேத்துப் போயிட்டாரு. பட்டறையிலயே... பன்னெண்டு மணிக்குள்ள.”

நான் கேட்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

“யாருக்கோ மூணு தடவை போன் பண்ணினாரு. என் கதவுக்கு வெளியே நின்னு சொன்னாரு. ‘அவரு எடுக்கல அண்ணி. அப்போ நல்ல பதில் இல்ல. நான்தான்’னு.”

அந்தக் கை மட்டும் என்னை விட்டிருந்தால்... ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனே.

“அம்மா, அவர் அணைச்சுட்டுத்தான் போயிருக்கார். உள்ளே ஒரு ரெசிஸ்டரோட காலை யாரோ வெட்டி வெச்சிருக்காங்க.” சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

“தெரியும்” என்றார். “அவரு ஷாக் அடிச்சுப் போனதுக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்க வீட்டுக்காரர்தான் வெட்டினாரு. நான் பார்த்தேன். பயந்துபோய் வாயை மூடிக்கிட்டேன். வெட்டின அவரே காலையில ஏன் போய்க் கை வெச்சாருன்னுதான் இன்னும் புரியல.”

“எதுக்கும்மா வெட்டினார்?”

“பட்டறையைப் பிரிச்சுக் குடுன்னு தம்பி கேட்டாருங்க. தம்பி சாகணும்னுதான்.”