கன்னி மூலையின் நாற்றம்

எங்கள் செவ்வாப்பேட்டை பூமிகாவின் மூக்கு பொல்லாதது. பேசின் பிரிட்ஜில் வண்டி மாறும்போதே, கும்மிடிப்பூண்டியில் அன்று எந்த ஆலை கழிவைத் திறந்துவிட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள், கொஞ்சம்தான்.

அவள் வேலை மண் சோதனை. முக்காலி நட்டுத் துளை போட்டு, உள்ளே விட்ட கம்பியின் தலையில் இரும்புச் சுத்தியைத் தொப்பென்று விழவிடுவார்கள். கம்பி இறங்க எத்தனை அடி வாங்குகிறது என்பதுதான் கணக்கு. சுலபமாக இறங்கினால் அடியில் இருப்பது நீர் ஊறிய தளர்மணல். நிலம் நடுங்கினால் அது கூழாகும். மேலே நிற்பது சாயும்.

அன்று அவள் சோதிக்கப் போன கும்மிடிப்பூண்டி ஆலையில் மேலே நிற்கப்போவது அமிலத் தொட்டி. மதிலுக்கு அந்தப்பக்கம் தொழிலாளர் குடியிருப்பு, குழந்தை குட்டிகளோடு.

தொட்டி வரும் இடத்தில் எடுத்ததென்று மேஸ்திரி மோகன்ராஜ் நீட்டிய களிமண்ணை முகர்ந்தாள். நாற்றமே இல்லை; தொட்டி வரும் இடத்திலோ கால் வைத்ததுமே அழுகல் வாடை அவள் மூக்கில் ஏறியிருந்தது.

“இது எந்த மூல மண்ணுண்ணே?”

“வடக்கால எடுத்ததும்மா. கன்னி மூலைல பள்ளம் தோண்டக் கூடாதுன்னு மொதலாளி ஒரே பேஜாரு.”

தென்மேற்கான கன்னி மூலையில் பாரம் ஏற்ற வேண்டுமாம், பள்ளம் கூடாதாம். ஆக, இருப்பதிலேயே கனமான தொட்டி அங்கே. சோதனை மட்டும் வேறிடத்தில்! பூமிகா களிமண்ணைத் திருப்பிக் கொடுத்தாள். அங்கே துளை போடாமல் கையெழுத்தில்லை என்றுவிட்டாள்.

முதலாளி சின்னராசு வெள்ளை வேட்டியும் கற்பூரத் தட்டுமாக வந்து, துளையருகே வெறுங்காலோடு நின்றார். தோஷம் தீண்டாமல் காவலாம். மதிலுக்கு அந்தப்பக்கம் விளையாடிய குழந்தைகளைப் பூமிகா காட்டினாள்; அவர் திரும்பியே பார்க்கவில்லை.

மேல்மண் தாண்டியதும் கம்பி வெண்ணெயில் போவதுபோல் வழுக்கியது. குப்பையும் மணலும் கொட்டித் தூர்த்த பழைய குட்டை அது. அடி விழ விழத் தரை அதிர்ந்து, முதலாளியின் காலடியில் கறுப்புத் தண்ணீர் கொப்பளித்தது. கணுக்கால்வரை புதைந்தார். செத்த எலியும் அழுகிய முட்டையும் கலந்த நாற்றத்தில் கற்பூரமே மூச்சுமுட்டி அணைந்தது.

“அய்ய! இன்னா கருமம்மா இது?”

“சுத்திக்கே இப்டி சார். பூமியே ஆடினா?”

“அந்தத் தொட்டிய வடக்காலயே கட்டித் தொலைங்க!”

“அப்போ இந்த மூலைக்குப் பாரம் வேணுமே மொதலாளி?” என்றார் மோகன்ராஜ்.

“வாஸ்து சொன்னானே, அவன இட்டாந்து குந்த வைய்யா!”

வேட்டியை அங்கேயே உருவி எறிந்து, துண்டோடு காரேறினார்.

தொட்டி வடக்கே போனது. பூமிகாவுக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. அத்தனை குழந்தைகளைக் காட்டியபோது அசையாத மனுஷன், கால் நாறியதும் அசைந்துவிட்டானே!